'ரெஸ்பெக்ட்' அரேதா எழுதிய பாடல் அல்ல

அமெரிக்கப் பாடகி அரேதா பிராங்க்ளினின் முதல் ஆல்பம் 1967-இல் வந்த 'ஐ நெவர் லவ்டு எ மேன் த வே ஐ லவ் யூ' என்றும், அதிலுள்ள 'ரெஸ்பெக்ட்' அவரே எழுதிய பாடல் என்றும் ஒரு செய்தி பரவுகிறது. இரண்டும் தவறு.

பாடலை எழுதியவர் அமெரிக்கப் பாடகர் ஓட்டிஸ் ரெடிங். 1965-இலேயே பாடி வெளியிட்டார். வீடு திரும்பும் ஆண் மரியாதை கேட்பதாக அவர் எழுதியிருந்ததை, அரேதா ஒரு பெண்ணின் உரிமைக்குரலாகத் திருப்பினார். 'ஆர்-ஈ-எஸ்-பி-ஈ-சி-டி' என்று எழுத்தெழுத்தாக முழங்கும் பகுதி ரெடிங்கின் பதிவில் இல்லவே இல்லை! அரேதாவின் பதிவில் பின்குரல் கொடுத்தவர்கள் அவருடைய சகோதரிகள் கரோலினும் எர்மாவும். பிறர் பாட்டை இவ்வளவு முழுமையாகத் தனதாக்கியதே அவருடைய மேதைமை. அதை மறைத்துப் புகழ்வது இருவருக்குமே அநீதி.

அட்லாண்டிக் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்குத்தான் அந்த 1967 ஆல்பம் அவருடைய முதல் ஆல்பம். கொலம்பியா நிறுவனத்தில் 1961 முதலே அவருடைய ஆல்பங்கள் வந்திருக்கின்றன.