உப்புக் கரித்த கிணறு

கடலில் மூழ்கிய பழைய நாகரிகங்கள் என்று பேச்செடுத்தாலே பலருக்கும் கோபுரமும் தூண்களும் அகன்ற வீதிகளும்தான் கண்முன் வருகின்றன. எனக்கு ஒரு கிணறு நினைவுக்கு வருகிறது. இஸ்ரேலின் கார்மேல் கடற்கரைக்கு எதிரே, 8 முதல் 12 மீட்டர் ஆழத்தில், அத்லித் யாம் என்ற சிற்றூர் கிடக்கிறது. எஹுத் கலிலி என்ற தொல்லியலாளர் 1984இல் கண்டறிந்த அந்த ஊருக்கு வயது ஏறத்தாழ 9,000 ஆண்டுகள். அங்கே கல் அடுக்கிக் கட்டிய, ஐந்தரை மீட்டர் ஆழமுள்ள கிணறு ஒன்று இருக்கிறது. அதைத் தோண்டிப் பார்த்தபோது உள்ளே விலங்கெலும்புகளும் கழித்துப்போட்ட பொருள்களும் கிடந்தன. கடல் மட்டம் உயர உயர ஊற்றில் உப்பேறி, தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனதும் ஊரார் கிணற்றைக் குப்பைக்குழி ஆக்கிவிட்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அலை வாசலுக்கு வருவதற்கு வெகு முன்பே கடல் குடிநீருக்குள் வந்துவிட்டது.

'கடல்கோள்' என்ற நம் சொல் ஒரே இரவில் பொங்கிவந்து ஊரை விழுங்கும் கடலைத்தான் நினைக்கவைக்கிறது. நடந்தது பெரும்பாலும் அப்படியன்று. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் தாழ்வாக இருந்தது. பின்னர் பனிப்படலங்கள் உருகி, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்புவரை கடல் ஏறிக்கொண்டே வந்தது. மிக வேகமாக ஏறிய கட்டம் 14,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது; அப்போதுகூட ஒருவர் பிறந்து முதுமையடைவதற்குள் கடல் சுமார் இரண்டு ஆளுயரம் ஏறியிருக்கும், அவ்வளவே. அது மனிதர்களை மூழ்கடிக்கும் வேகமன்று, தலைமுறைதோறும் இடம்பெயரச் செய்யும் வேகம். (விதிவிலக்குகள் உண்டு: சுமார் 8,150 ஆண்டுகளுக்கு முன் நார்வே அருகே கடலடிச் சரிவு கிளப்பிய ஆழிப்பேரலை வட கடல் கரைகளைத் தாக்கியது.)

மெதுவாக ஏறும் கடல் தடயங்களுக்கு இரக்கம் காட்டுவதில்லை. கரைகோடு நகரும்போது அலையடிக்கும் பகுதி ஒவ்வோர் அடி நிலத்தையும் கடந்து செல்கிறது. குடிசையும் அடுப்பும் அதில் கரைந்துவிடும். சேறோ மணலோ விரைந்து மூடியவை மட்டுமே தப்பும். 1931இல் இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால் கொலிண்டா என்ற இழுவைமடிப் படகின் வலையில், மக்கிய தாவரங்களாலான பீட் கட்டி ஒன்று வந்தது. அதை உடைத்தபோது உள்ளே முட்கள் செதுக்கிய மான்கொம்பு ஈட்டிமுனை இருந்தது. அந்தப் பீட், நன்னீர்ச் சதுப்பில் உருவானது என்பதை அதிலிருந்த மகரந்தம் காட்டியது. அதாவது, வட கடலின் தரை ஒருகாலத்தில் மனிதர்கள் வேட்டையாடிய நிலம். இன்று டாகர்லாந்து என்று அழைக்கப்படும் அந்நிலத்தின் ஆறுகளையும் ஏரிகளையும் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் வின்ஸ் காஃப்னி குழுவினர் வரைபடமாக்கினார்கள். அதற்கு உதவியவை எண்ணெய் தேடுவதற்காகக் கடலடியில் எடுக்கப்பட்ட அதிர்வலைத் தரவுகள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இவற்றைப் பகிர்வோர் குறைவு. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் மூழ்கியதாகச் சொல்லப்படும் நகரத்தின் கதையைப் பகிர்வோர் ஏராளம். 2001இல் அங்கே தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஒலியலைப் படங்களில் கட்டங்கட்டமான வடிவங்கள் தெரிந்தன. அகழ்ந்து வாரியெடுத்த பொருள்களில் ஒரு மரத்துண்டின் வயது ஏறத்தாழ 9,500 ஆண்டுகள் என்று கணிக்கப்பட்டது. உடனே உலகின் முதல் நகரம் என்று முழங்கினார்கள். அந்த எண் மரத்தின் வயதேயன்றி நகரத்தின் வயதன்று. ஓதநீரோட்டம் கடுமையான அந்த வளைகுடாவில் மரம் எங்கிருந்தும் அடித்துவரப்பட்டிருக்கலாம். வாரியெடுத்த பொருள் எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதும் தெரியாது. குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசப்படும் லெமூரியாவின் கதையும் இப்படித்தான். 1864இல் விலங்கியலாளர் ஃபிலிப் ஸ்கிளேட்டர் அதை முன்வைத்தது லெமூர் விலங்குகளின் பரவலை விளக்குவதற்கு. கண்டத்தட்டுகள் நகர்வதை அறிவியல் ஏற்ற பிறகு மூழ்கிய கண்டம் என்பதற்கே தேவை இல்லாமல் போனது.

'இன்னும் தேடவே இல்லையே, எப்படி இல்லை என்பீர்கள்?' என்று கேட்பது நியாயமே. கண்டத்திட்டு எனப்படும், கரையை ஒட்டிய ஆழமற்ற கடலடியில் நாம் துழாவிப் பார்த்த பகுதி மிகச் சிறியது. பிரான்ஸின் மார்செய் அருகே கொஸ்கேர் குகையின் வாயில் 37 மீட்டர் ஆழத்தில் இருந்தும், உள்ளே நீர் எட்டாத சுவர்களில் 27,000 ஆண்டுப் பழமையான கைத்தடங்கள் அழியாமல் இருந்தனவே. ஆகவே தேட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. கிடைப்பதற்கு முன்பே நகரம் என்று பெயர் சூட்டிவிட்டுத் தேடுவதைத்தான் மறுக்கிறேன்.

அத்லித் யாமுக்கு அருகிலேயே டெல் ஹ்ரெய்ஸ் என்ற இன்னொரு மூழ்கிய ஊர் இருக்கிறது. அங்கே சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன், தொலைவிலிருந்த ஆற்றுப்படுகைகளிலிருந்து பெரும்பாறைகளைக் கொண்டுவந்து, ஊருக்கும் கடலுக்கும் இடையே 100 மீட்டருக்கு மேல் நீளமான சுவரை எழுப்பியிருக்கிறார்கள். கடலைத் தடுக்கக் கட்டிய சுவர்களில் நாமறிந்த மிகப் பழையது அதுவே. சுவரையும் தாண்டிக் கடல் வந்தது, ஊர் கைவிடப்பட்டது. குளிர்காலப் புயல்கள் மணலை வாரிக்கொண்டு போகும் நாள்களில்தான் அந்தப் பாறைகள் வெளியே தெரியும். மணல் மறுபடி மூடுவதற்குள் முக்குளித்து அளந்துவிட வேண்டும்.