தெரிந்ததற்கு விலை வேண்டாமா?

அறுவடைக்குப் பின் காய்கறிகள் வீணாவதைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும், விவசாயிகளுக்கு விழிப்புணர்வு போதாது என்ற முடிவுக்குச் சென்னைவாசிகளான நாம் விரைவாக வந்துவிடுகிறோம். இதில் எனக்கு உடன்பாடில்லை.

சின்ன வெங்காயத்தை எடுத்துக்கொள்வோம். பல்லடம், பெரம்பலூர் பகுதிகளில் வெங்காயத்தைத் தாளோடு பிடுங்கி, கழுத்து வற்றும்வரை உலர்த்தி, அடிபட்டதையும் அழுகியதையும் கழித்த பிறகே பட்டறை எனப்படும் சேமிப்புக் கொட்டகையில் போடுகிறார்கள். அந்தப் பட்டறை தரையிலிருந்து உயர்த்தி, இருபுறமும் காற்று ஊடுருவும்படி குறுகலாகக் கட்டப்பட்டு, மேலே ஓலை வேயப்பட்டிருக்கும். ஈரம் வெளியேற வேண்டும், மழை உள்ளே வரக் கூடாது என்ற இரு தேவைகளையும் மின்சாரமின்றி நிறைவேற்றும் இந்த அமைப்பை யாரும் பயிற்சி வகுப்பில் கற்றுக்கொடுக்கவில்லை. தக்காளியையும் உள்ளூர்ச் சந்தைக்குப் பழமாகவும், தொலைவுக்குச் செங்காயாகவும் பறிக்கத் தெரிந்தவர்கள்தான் அவர்கள்.

அப்படியிருந்தும், லூதியானாவிலுள்ள மத்திய அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு மதிப்பீட்டில் தக்காளி இழப்பு 12 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. காரணம் பெரும்பாலும் பணக் கணக்கில் இருக்கிறது. கத்தரிக்காயைச் சாக்கில் திணித்து, மூட்டைமேல் மூட்டையாக அடுக்கிக் கோயம்பேட்டுக்கு அனுப்பினால் அடிமூட்டை வெந்துவிடும் என்பது ஏற்றுபவருக்கும் தெரியும், இறக்குபவருக்கும் தெரியும். ஆனால் பெட்டியில் அடுக்கினால் வண்டியில் ஏறும் எடை குறையும், காலிப் பெட்டி ஊருக்குத் திரும்ப வர வேண்டும், தரம் பிரிக்கக் கூலி கொடுக்க வேண்டும். மண்டியில் அதற்கேற்ற விலை கிடைக்கும் என்ற உறுதி மட்டும் இல்லை. பறிகூலிக்கே கட்டுப்படியாகாத விலைக்குத் தக்காளி இறங்கும் நாள்களில் யார்தான் அந்தச் செலவை ஏற்பார்கள்?

புதிதாகச் சொல்லித்தர எதுவுமில்லை என்று நான் வாதிடவில்லை. பழுத்த தக்காளி வெளியிடும் எத்திலீன் வாயுவால் அருகிலுள்ள வெள்ளரி மஞ்சளாகும், கேரட் கசக்கும் என்பது கண்ணுக்குத் தெரியாத விஷயம். முட்டைக்கோஸும் கேரட்டும் உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் நன்றாக இருக்கும். கத்தரியும் வெண்டையும் வெள்ளரியும் 10 டிகிரிக்குக் கீழே சில நாள்கள் இருந்தாலே தோல் குழிந்து கெடும். எல்லாவற்றையும் ஒரே குளிர் அறையில் வைத்துவிட்டு, குளிர்பதனக் கிடங்கு கட்டிவிட்டோம் என்று பெருமைப்படுபவர்களுக்கும் (அவர்கள் விவசாயிகள் அல்லர்) இந்தப் பாடம் தேவை.

ஆகவே பயிற்சி முகாம்களுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியையாவது காலிப் பெட்டிகளின் திரும்பு வாடகைக்கு மானியமாகக் கொடுக்கலாம். தரம் பிரித்து வரும் சரக்குக்கு மண்டியில் தனி ஏலம் வைக்கலாம்.