கடற்கரை ஊரின் தொற்றுப் பணிக்குத் தலைமை ஏற்கும் டாக்டருக்கு என்ன அதிகாரம் வேண்டும்?

பெருந்தொற்று என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை பெட் இருக்கு?" ஊரின் பொதுச் சுகாதாரத்துக்குப் பொறுப்பேற்ற டாக்டர் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. ஒருவருக்குக் காய்ச்சல் கண்டதிலிருந்து அவர் தனியாகப் படுக்கிற வரைக்கும் எத்தனை மணி நேரம் ஆகிறது? ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று நம்ம கரை நெடுகிலும் இந்த மணிக்கணக்கு படகு, குடிதண்ணீர், பாலம் ஆகிய மூன்றிலும்தான் கூடும் அல்லது குறையும். இந்த மூன்றிலும் அந்த டாக்டரின் பேச்சு எடுபடவில்லை என்றால் அவரை நியமித்துப் பலன் இல்லை.

படகை எடுத்துக்கொள்வோம். கொரோனாவில் அறிகுறி தெரிவதற்கு ஏறக்குறைய இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவர் மற்றவர்களுக்குப் பரப்ப முடியும். விசைப்படகில் ஐந்தாறு பேர் காலையில் கிளம்பி மறுநாள் காலைதான் கரை ஏறுகிறார்கள். சாப்பாடு ஒரே பானையில், படுக்கை ஒரே தளத்தில். அடுத்த முறை அவர்களில் ஒருவர் வேறு படகுக்குக் கூலிக்குப் போவார். எனவே காய்ச்சல் வந்த மீனவரிடம் "வீட்டில் யார் யார் இருக்கீங்க?" என்று மட்டும் விசாரித்தால் பாதித் தொடர்பு விட்டுப்போகும். "கடைசி ரெண்டு தடவை கடலுக்குப் போனது எந்தப் படகு? கூட யார் வந்தது? ஏலத்துக்கு மீனை இறக்கினது யார்?" இவ்வளவும் கேட்க வேண்டும். கடலுக்குப் போக மீன்வளத் துறையிடம் எப்படியும் டோக்கன் வாங்குகிறார்கள். தொற்றுக் காலத்தில் அந்த டோக்கனோடு படகில் ஏறுகிற எல்லோருடைய பெயரும் ஃபோன் நம்பரும் எழுதி வாங்கி, அன்றைக்கே சுகாதார ஆய்வாளர் கைக்குக் கொடுத்துவிட்டால், மூன்று நாள் அலைகிற தேடலை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

பெயர் மட்டும் போதாது. ஒரே தெருவில் நாலு முனியசாமி, மூணு அந்தோணி, ரெண்டு செய்யது இருக்கிற ஊர்கள் இவை. ஃபோன் நம்பரும் பல நேரம் பக்கத்து வீட்டுப் பையனுடையதாக இருக்கும். சளி மாதிரி எடுத்த குழாயின் லேபிளில் பெயர், அப்பா பெயர், வயசு, ரேஷன் கார்டு நம்பர், படகு நம்பர் எல்லாம் வேண்டும். இதில் ஒன்று விட்டுப்போனாலும் பாசிட்டிவ் ஆன முனியசாமி கடலில் இருக்க, நெகட்டிவ் ஆனவரை ஆம்புலன்ஸ் ஏற்றிப் போய்விடும். அது ஒருதடவை நடந்தால் போதும், அந்தக் குடியிருப்பில் பிறகு யாரும் மூக்கை நீட்ட மாட்டார்கள். மாதிரி எடுக்கிற குச்சியும் மூக்கின் பின்பக்கம் வரை போக வேண்டும். நுனியிலேயே சுழற்றி எடுத்தால் தொற்று இருந்தும் நெகட்டிவ் காட்டலாம். எடுத்த குழாய் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்தாக வேண்டும். சித்திரை வெயிலில் ஐஸ் பேக் உருகிப்போன பெட்டி ஜீப்பின் பின்சீட்டில் மதியம் வரை கிடந்தால் காலை முழுக்கப் பார்த்த வேலை வீண்.

அடுத்தது தண்ணீர். "அடிக்கடி கை கழுவுங்கள்" என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வது சுலபம். ஒரு தடவைக்கு அரை லிட்டர், நாளைக்கு எட்டுத் தடவை, வீட்டில் ஐந்து பேர் என்றால் 20 லிட்டர். ஒரு குடத்துக்கும் மேலே. நிலத்தடி நீர் உப்புக் கரிக்கிற தெருவில் குடம் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் சமையலை விட்டுவிட்டுக் கை கழுவ மாட்டார்கள். அதனால் தண்ணி லாரி எந்தத் தெருவுக்கு எத்தனை நடை போக வேண்டும் என்பதையும் டாக்டரே தீர்மானிக்க வேண்டும். காய்ச்சல் அதிகம் கண்ட தெருவுக்கு முதல் நடை. வரிசை வீடும் பொதுக் கழிப்பறையுமாக இருக்கிற, இலங்கைத் தமிழர் தங்கும் மண்டபம் முகாம் மாதிரி இடங்களில் "வீட்டுத் தனிமை" என்ற உத்தரவுக்கு அர்த்தமே இல்லை. அங்கே பள்ளிக்கூடத்தையோ கல்யாண மண்டபத்தையோ முதல் நாளே திறந்துவிட வேண்டும்.

பிளீச்சிங் பவுடரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரோட்டோரம் வெள்ளைக்கோடு மாதிரித் தூவுவது முழுக்க வீண் செலவு. ஆட்கள் மேல் மருந்து தெளிக்க வேண்டாம் என்று 2020 ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகமே அறிவித்தது. பவுடர் பயன்பட வேண்டிய இடங்கள் பொதுக் கழிப்பறைத் தாழ்ப்பாள், குழாய்த் திருகு, ஏலக்கூடத் திட்டு. 30 சதவீதக் குளோரின் உள்ள பவுடர் 30 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். கலக்கி, தெளிய வைத்து, மேலே நிற்கிற நீரை எடுத்துத் துடைத்து, பத்து நிமிடம் அப்படியே விட வேண்டும். அன்றன்றைக்குக் கலக்கினால்தான் வேலை செய்யும். நம்ம ஈரக்காற்றில் வாய் திறந்து கிடக்கிற மூட்டை சில வாரத்திலேயே வீரியம் இழந்துவிடும். பிரித்ததும் வாடை மூக்கைத் துளைக்கவில்லை என்றால் அந்த மூட்டையை ஒதுக்கிவிடலாம்.

ஆக்ஸிஜன் கணக்கு இன்னும் கடுமையானது. பெரிய டி டைப் சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் வாங்குகிற பத்துப் பேர் வார்டில் இருந்தால் ஒரு சிலிண்டர் 70 நிமிடம்தான் தாங்கும். ஒரு நாளைக்கு 21 சிலிண்டர். ராமேஸ்வரம் தீவுக்கு லாரி வர பாம்பன் சாலைப் பாலத்தை விட்டால் வேறு தரைவழி கிடையாது. 2020 டிசம்பரில் கொரோனா ஓயாத நேரத்திலேயே புரெவி புயல் பாம்பனை நோக்கி வந்தது. அப்படிப்பட்ட வாரத்தில் லாரியை நம்பி இருக்கக் கூடாது. புயல் எச்சரிக்கை வந்த அன்றே மூன்று நாள் இருப்பைத் தீவுக்குள் கொண்டுவந்து சேர்ப்பதும், முடிந்த நோயாளிகளை ராமநாதபுரத்துக்கு அனுப்புவதும் அந்த டாக்டர் ஒருவரின் கையெழுத்தில் நடக்க வேண்டும். இருப்பதைச் சிக்கனமாகச் செலவழிக்கவும் வழி இருக்கிறது. ஆக்ஸிமீட்டர் 96ஐத் தாண்டியவருக்கு அளவைப் படிப்படியாகக் குறைக்கலாம். குப்புறப் படுக்க முடிகிறவரைப் படுக்க வைக்கலாம். கடலிலிருந்து நேராக வந்தவரின் சில்லிட்ட விரலில் ஆக்ஸிமீட்டர் தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, கருவியை மாட்டி, ஒரு நிமிடம் விட்டுப் படிக்க வேண்டும்.

இறந்தவர்கள் விஷயத்தில் நாம் ரொம்பத் தவறிவிட்டோம். 2020 மார்ச்சில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதலே உடலை வைத்த பையின் முகப்பகுதியைத் திறந்து பார்க்கலாம், வேதம் ஓதலாம், தீர்த்தம் தெளிக்கலாம், உடலைத் தொடாத எந்தச் சடங்கும் செய்யலாம் என்றது. குளிப்பாட்டுவதும் முத்தமிடுவதும் கட்டிப்பிடிப்பதும்தான் கூடாது. சாம்பலால் தொற்றாது என்றும் அதில் இருந்தது. அஸ்தி கரைக்க அக்னி தீர்த்தத்துக்கு வருகிற ஊரில் இந்த ஒரு வரியை எத்தனை பேருக்குச் சொன்னோம்? முகம் பார்க்க விடமாட்டார்கள் என்ற பயத்தில்தான் பல வீடுகளில் மூச்சுத்திணறலையே மறைத்தார்கள். ஜமாத், பங்குத்தந்தை, ஊர்த்தலைவர் மூவரையும் முதல் வாரத்திலேயே உட்கார வைத்து, அனுமதி உள்ள சடங்கு எது, இல்லாதது எது என்று டாக்டரே நேரில் சொல்லியிருக்க வேண்டும்.

சட்டத்தில் குறை இல்லை. 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் சுகாதார அலுவலருக்கு நிறைய அதிகாரம் தருகிறது. நடைமுறையில் டோக்கன் மீன்வளத் துறையிடம், லாரி நகராட்சியிடம், பாலம் காவல்துறையிடம். தொற்று வந்த பிறகு இந்த மூவரையும் தேடி அலைவதில் போகிற ஒவ்வொரு நாளும் புதிதாகச் சில குடும்பங்களுக்குள் நோய் நுழைகிறது. ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகுத் தொழிலாளர்கள் எல்லோரும் கரையில்தான் இருப்பார்கள். படகுவாரியாகப் பெயர்ப் பதிவேடு எடுக்கவும், சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்து எழுதி வைக்கவும், ஒத்திகை ஒன்று நடத்தவும் அதைவிடத் தோதான காலம் கிடையாது. வருகிற தடைக்காலத்திலேயே தொடங்கச் சொல்லி மாவட்ட நிர்வாகத்துக்கு மீனவர் சங்கங்கள் மனுக் கொடுக்க வேண்டும்.