ட்ரக் மாற்றியதற்கு நான் யாரிடமும் மன்னிப்பு கேட்க வேண்டியதில்லை

சனிக்கிழமை நடந்தது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் இந்நேரம் யாராவது சொல்லியிருப்பார்கள். அதனால் முழுக் கதையையும் திரும்ப எழுதவில்லை. என் நிசான் ஃப்ரான்டியர் பிக்கப்பை விற்றுவிட்டு ஃபோர்டு எஃப்-150 எடுத்தேன், அதுதான் பேச்சு. "குடும்பம் பெருசானா ஆளோட கொள்கை சின்னதாயிடும் போல" என்று, நான் அண்ணன் என்று கூப்பிடும் நண்பர் என் புது வண்டியைத் தட்டிக்கொண்டே சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். நான்கு நாளாக என்னை உறுத்துவது அந்தச் சிரிப்புதான். அப்போதே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

என் வீட்டில் ஆறு பேர். பழைய வண்டியில் ஐந்து சீட். இதுதான் விஷயம். இதில் கம்பெனி விசுவாசம் என்ற கொள்கை எங்கே வந்தது?

நிசான் ஃப்ரான்டியர் மீது எனக்கு எவ்வளவு பாசம் என்று உங்களில் பலருக்குத் தெரியும். 2010 மாடல், நான்கு கதவு க்ரூ கேப், 4 லிட்டர் வி6 எஞ்சின். 2013-ல் பழைய வண்டியாக வாங்கினேன். 1,87,000 மைல் ஓடியது. எண்ணெய், பிரேக், டயர், பேட்டரி தவிர அதற்கு நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. மூத்தவளை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தது அந்த வண்டியில்தான். அன்றைக்கு நெடுஞ்சாலையில் 45 மைல் வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்தேன், பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். அந்த வண்டியைக் குறை சொல்லி நான் ஒரு வார்த்தை பேசியதில்லை, இப்போதும் பேசப் போவதில்லை. தனி ஆளோ, கணவன் மனைவி இருவரோ என்னிடம் வந்து எந்த ட்ரக் வாங்கலாம் என்று கேட்டால் இன்றைக்கும் ஃப்ரான்டியர் என்றுதான் சொல்வேன். வண்டி அப்படியேதான் இருந்தது. மாறியது என் வீடு.

மூன்றாவது குழந்தை பிறந்தபோதுதான் இடுக்கம் தெரிய ஆரம்பித்தது. இப்போது மூத்தவளுக்கு எட்டு வயது, பெல்ட் சரியாக வர உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் சீட். நடுவானவனுக்கு நாலு, முன்னோக்கிய குழந்தை சீட். கடைக்குட்டிக்கு ஒன்றரை வயது, பின்னோக்கிய சீட். பிள்ளை இல்லாதவர்களுக்கும், பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர்களுக்கும் இது புரிவது கஷ்டம், அதனால் சொல்கிறேன். பின்னோக்கிய சீட் சாய்வாக உட்காரும். முன்சீட்டின் முதுகு வரைக்கும் இடத்தைத் தின்னும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2018-ல் தன் பரிந்துரையை மாற்றி, இரண்டு வயது என்ற கணக்கை எடுத்துவிட்டது. அந்த சீட் தாங்கும் உயரமும் எடையும் வரும்வரை, முடிந்த அளவு நீண்ட காலம், குழந்தை பின்னோக்கியே உட்கார வேண்டும் என்றது. ஆக இது ஆறு மாதத்தில் முடிகிற சிரமம் இல்லை.

பழைய ஃப்ரான்டியரின் பின்சீட்டில் கால் வைக்கும் இடம் 33.6 அங்குலம். நான் எடுத்த எஃப்-150 சூப்பர்க்ரூ என்ற நான்கு கதவு மாடலில் 43.6. சரியாகப் பத்து அங்குலம். கேட்பதற்குச் சின்ன எண்ணாகத் தெரியும். அந்தப் பத்து அங்குலம் இல்லாததால் என் மனைவி ஒன்றரை வருடம் முன்சீட்டை முழுக்க முன்னால் தள்ளி, முழங்கால் டேஷ்போர்டில் இடிக்க உட்கார்ந்து வந்தாள். ஒரு நாள் கூட அதைப் பற்றிப் பேசவில்லை. போன வருடம் ஆறு மணி நேரப் பயணம் முடிந்து இறங்கியவள் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். கால் மரத்துப் போயிருந்தது. "ஒண்ணுமில்ல, நீங்க பிள்ளைங்கள இறக்குங்க" என்றாள். அன்றைக்கு என் மனதில் முடிவாகிவிட்டது. டீலரிடம் போனது அதற்குப் பிறகு பல மாதம் கழித்துத்தான்.

அப்புறம் அப்பா வந்தார். இப்போது எங்களோடுதான் இருக்கிறார். ஆறு பேர் ஆனோம். எங்கே போனாலும் இரண்டு வண்டி எடுத்தோம், அல்லது ஒருவர் வீட்டில் இருந்தோம். யார் இருந்தது என்று நினைக்கிறீர்கள்? ஒவ்வொரு முறையும் அப்பாதான். "எனக்கு வெளிய வர்ற மூட் இல்லப்பா, நீங்க போய்ட்டு வாங்க." அவருக்கு உண்மையிலேயே பிடிக்கவில்லை என்று நானும் சில மாதம் நம்பினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

"அதே கம்பெனியில பெரிய வண்டி எடுத்திருக்கலாமே" என்று கேட்பவர்களுக்கு. எதை எடுப்பது? நிசானின் பெரிய ட்ரக் டைட்டன். 2003-ல் வந்தது, 2024-ல் நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு அவர்களிடம் அமெரிக்காவில் புதிதாக வாங்கக்கூடிய பிக்கப் ஃப்ரான்டியர் ஒன்றுதான். டைட்டனை நிறுத்தியது தவறு என்று நான் சொல்லவில்லை. விற்கவில்லை, நிறுத்தினார்கள், அது அவர்கள் தொழில். கணக்குப் பார்த்து ஒரு வண்டியையே கைவிட கம்பெனிக்கு உரிமை உண்டு. ஆனால் கணக்குப் பார்த்து நான் வண்டி மாற்றினால் அது துரோகமா? பழைய டைட்டனும் தேடினேன். முன்னால் மூன்று பேர் உட்காரும் பெஞ்ச் சீட்டோடு, நல்ல நிலையில், எனக்கு எதுவும் அகப்படவில்லை. எஃப்-150-ல் அந்த பெஞ்ச் இருந்தது. பின்னால் பிள்ளைகள் மூன்று பேர், முன்னால் நான், நடுவில் மனைவி, ஜன்னலோரம் அப்பா. ஆறு.

"மினிவேன் வாங்கியிருக்கலாமே?" எங்கள் ட்ரெய்லர் சாமான் ஏற்றினால் 4,000 பவுண்ட் வரும். மினிவேன்களின் இழுவை வரம்பு பொதுவாக 3,500-ல் நின்றுவிடும். முடிந்தது.

"ஃப்ரான்டியரே 6,000 பவுண்டுக்கு மேல இழுக்குமே, அப்புறம் என்ன?" இந்தக் கேள்வியைக் கேட்டவர் சொந்தமாக ட்ரெய்லர் வைத்திருப்பவர், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விளம்பரத்தில் போடுவது இழுவைத் திறன். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். அதுதான் உங்கள் வண்டியின் பேலோட். என் பழைய வண்டியில் அது 1,080. ட்ரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இறங்கும். அதுவும் இந்தப் பேலோடில்தான் சேரும். 4,000 பவுண்ட் ட்ரெய்லருக்கு நடுத்தரமாக 500 என்று வையுங்கள். பெரியவர்கள் மூவர் சேர்ந்து 465. பிள்ளைகள் 117. அவர்களின் சீட்டுகள் 55. கூட்டினால் 1,137. ஒரு பை ஏற்றுவதற்கு முன்னாலேயே வரம்பு தாண்டியாகிவிட்டது. ஆறாவது ஆளுக்குச் சீட்டே இல்லை என்பது வேறு. அண்ணன், உங்கள் வண்டியிலும் அந்த ஸ்டிக்கரை ஒரு தடவை பாருங்கள். வாக்குவாதத்துக்காகச் சொல்லவில்லை, உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதில்தான் போகிறார்கள்.

எஃப்-150 அடங்கிய ஃபோர்டு எஃப் சீரிஸ் 1977-லிருந்து அமெரிக்காவில் அதிகம் விற்கும் பிக்கப். "கடைசியில நீயும் கூட்டத்தோட போயிட்ட" என்றும் ஒருவர் சொன்னார். நான் அளவு டேப்போடும் மூன்று கார் சீட்டோடும் போனேன். இரண்டு சனிக்கிழமை, நான்கு டீலர். ஒவ்வொரு வண்டியிலும் மூன்று சீட்டையும் மாட்டிப் பார்த்தோம். முன்னோக்கிய சீட்டின் உச்சியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் மேல் பட்டையை பிக்கப்பில் மாட்டுவது காரில் போல இல்லை. பின்சீட்டு முதுகின் மேலே இருக்கும் துணி வளையத்துக்குள் நுழைத்து, பக்கத்து இருக்கையின் வளையத்தில் கொண்டுபோய் மாட்ட வேண்டும். நடுவானவன் சீட்டுக்கு ஒவ்வொரு வண்டியிலும் அப்படிச் செய்து முடிப்பதற்குள் என் விரல் தோல் உரிந்துவிட்டது. விற்பனையாளர் ஒருவர் பொறுமை இழந்து உள்ளே போய்விட்டார். கூட்டத்தோடு போகிறவன் இவ்வளவு பாடுபட மாட்டான்.

சரி, விசுவாசம் என்கிறீர்களே, எதன் மேல்? முன்னால் ஒட்டியிருக்கும் முத்திரை மேலா? 2009 முதல் 2012 வரை சுசுகி இங்கே ஈக்வேட்டர் என்று ஒரு ட்ரக் விற்றது. முகத்தை மாற்றி வைத்த ஃப்ரான்டியர் அது, செய்து கொடுத்ததே நிசான்தான். அதை வாங்கியவர் யாருக்கு விசுவாசி? பென்ஸ் 2017-ல் கொண்டுவந்த எக்ஸ் கிளாஸ் பிக்கப் நிசான் நவாராவின் அடித்தளத்தில் கட்டியது. 2020-ல் நின்றும் போனது. 1970-களில் ஃபோர்டு கூரியர் என்று இங்கே விற்றது மாஸ்டா செய்த வண்டி. 1994-லிருந்து கதை தலைகீழ், மாஸ்டா பெயரில் விற்றது ஃபோர்டு ரேஞ்சர். கம்பெனிகள் ஒன்றுக்கொன்று வண்டி கொடுத்து வாங்கிக்கொள்கின்றன, அவர்களுக்குள் ஒரு மனத்தாங்கலும் இல்லை. நாம்தான் ஒரு வீட்டு வாசலில் நின்று, ஒருவனை அவன் குழந்தைகள் முன்னால் சங்கடப்படுத்துகிறோம்.

ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. பெரிய ட்ரக்கின் முன்பக்கம் உயரமானது, தெருவில் நடப்பவர்களுக்கு ஆபத்து என்று ஒரு தோழி தனியாக எழுதியிருந்தார். அது உண்மை. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு (IIHS) 2023-ல் வெளியிட்ட ஆய்வில், பானெட் உயரம் 40 அங்குலத்துக்கு மேல் உள்ள வண்டிகள் மோதினால் நடப்பவர் இறக்கும் வாய்ப்பு, 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ உயரமும் சரிவான முகமும் கொண்ட வண்டிகளை விட ஏறக்குறைய 45 சதவீதம் அதிகம் என்று வந்தது. நான் அதைப் படித்துவிட்டுத்தான் வாங்கினேன். முன்பக்கக் கேமரா உள்ளதாகப் பார்த்து எடுத்தேன். வண்டியை எடுக்கும் முன் ஒரு தடவை சுற்றி வருகிறேன். அது போதுமா என்றால், போதாது. அந்தத் தோழி கேட்டது நியாயமான கேள்வி, அவர் கேட்ட விதமும் மரியாதையானது. சனிக்கிழமை எனக்குக் கிடைத்தது அது இல்லை.

"உன் பேச்சைக் கேட்டுத்தானே நாங்க ஃப்ரான்டியர் வாங்கினோம்" என்று இருவர் சொல்கிறார்கள். ஆமாம், சொன்னேன். உங்கள் வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது? நான் விற்றதால் அதன் எஞ்சினில் என்ன குறைந்தது? நல்ல வண்டி என்று சொன்னேன். சாகும்வரை அதையே ஓட்டுவேன் என்று யாருக்கும் சத்தியம் செய்யவில்லை. ஒருவேளை செய்த மாதிரிப் பேசியிருக்கலாம். பாசத்தில் பேசுவதுதான். அதற்காக என் மனைவியின் முழங்காலும் என் அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகளும் பணயமா?

இன்னொன்று. எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மனது கேட்கவில்லை.

அண்ணன், அந்த ஃப்ரான்டியரில்தான் உங்கள் வீடு மாற்றினோம். மூன்று நடை. மழை வந்து, உங்கள் மெத்தைக்கு என் தார்ப்பாயைப் போர்த்தினோம். சோபாவை ஏற்றும்போது வண்டியின் இடது ஓரத்தில் ஒரு நசுங்கல் விழுந்தது, ஞாபகம் இருக்கிறதா? சரி செய்து தருகிறேன் என்றீர்கள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். கடைசி வரை அந்த நசுங்கல் அப்படியே இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மழை நாள்தான் ஞாபகம் வரும், அதனால்தான் தட்டி நிமிர்த்தவில்லை. வாங்கிய தம்பி, எலக்ட்ரீஷியன், கல்யாணம் ஆகாதவர், நசுங்கலைக் காட்டி என்ன ஆச்சு என்று கேட்டார். நண்பர் வீடு மாறினார் என்று சொன்னேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு நிறுவனத்தின் பெயரை நான் பிரிந்ததாக நினைத்து நீங்கள் வருத்தப்படுகிறீர்கள். நான் அந்த வண்டியைப் பிரிந்தேன். அந்த வருத்தம் எவ்வளவு என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

அன்றைக்கு நீங்கள் சொன்னபோது மூத்தவள் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நீங்கள் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அவள் பேசவே இல்லை. இரவு படுக்கும்போது கேட்டாள், "அப்பா, நாங்க நிறைய பேர் ஆயிட்டதால நீங்க உங்களுக்குப் பிடிச்ச வண்டிய வித்துட்டீங்களா?" எட்டு வயசுப் பிள்ளைக்கு எதைச் சொல்லிப் புரிய வைப்பது? இல்லடா, இந்த வண்டியும் எனக்குப் பிடிச்சிருக்கு, தாத்தாவும் நம்மளோட வர்றாருல்ல என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப அந்த மாமா ஏன் சிரிச்சாரு?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

நம் பழக்கம் இதனால் முறியாது. வழக்கம்போல அடுத்த வாரமும் வருவேன், ஆறு பேரும் வருவோம், ஒரே வண்டியில். வண்டியைப் பற்றி என்ன சொல்ல வேண்டுமானாலும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் இறங்கி உள்ளே போன பிறகு சொல்லுங்கள்.