சித்தம் இல்லையாம்

எங்கள் ஊர்க் கோயிலில் போன மாதம் பிரதிஷ்டைப் பண்டிகை. கோயில் என்றால் சிஎஸ்ஐ சர்ச், அதாவது கத்தோலிக்கம் அல்லாத தென்னிந்தியத் திருச்சபை. திருநெல்வேலிப் பக்கம் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பண்டிகை என்றால் அசனம் உண்டு. வீட்டுக்கு வீடு அரிசி பிரித்து, கோயில் பின்னால் அண்டா வைத்து, வடித்த சோற்றைப் பாயில் மலையாகக் கொட்டி, பந்தி பந்தியாகப் பரிமாறுவார்கள். பெரியப்பா சேகரக் கமிட்டியில், அதாவது சபை நிர்வாகக் குழுவில் இருக்கிறார். வேட்டியை மடித்துக்கட்டி, சாம்பார் வாளியோடு பந்திக்குள் ஓடிக்கொண்டிருந்தார். கீழத்தெரு ஆட்களுக்கும் அவர்தான் ஊற்றினார், இன்னொரு கரண்டி சேர்த்தே. காலையில் ஐயர் (எங்கள் போதகரை அப்படித்தான் சொல்வோம்) பைபிளில் கலாத்தியர் 3:28-ஐ எடுத்துத்தான் பிரசங்கம் பண்ணினார்: கிறிஸ்துவுக்குள் யூதனும் இல்லை, கிரேக்கனும் இல்லை. பெரியப்பாவின் ஆமென்தான் சத்தமாகக் கேட்டது.

சாயங்காலம் பெரியப்பா வீட்டுத் திண்ணைக்குத் தரகர் வந்தார். தங்கச்சிக்கு 27 வயதாகிறது. மாப்பிள்ளை வங்கியில் அதிகாரி, திடப்படுத்தல் எடுத்து சபையில் முழு அங்கத்தினர் ஆனவர், பாடகர் குழுவில் பாடுகிறார், குடியில்லை. வரதட்சணை வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்களாம். பெரியம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"எல்லாம் சரிதான். ஆளு யாரு?" என்றார் பெரியப்பா.

தரகர் சாதியைச் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தி ஓர் ஊர் பேரை மட்டும் சொன்னார். எங்கள் பக்கம் அது போதும். மிஷன் காலத்தில் ஒரே சாதி ஆட்கள் ஊர் ஊராகச் சேர்ந்து வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு வந்ததால், எந்தச் சபையில் யார் அதிகம் என்பது எல்லாருக்கும் மனப்பாடம்.

பெரியப்பா போட்டோவைத் திருப்பிக் கொடுத்தார். "ஜெபம் பண்ணிப் பார்ப்போம்" என்றார். மறுநாள் காலை காபி குடிக்கும்போது பதில் வந்துவிட்டது: கர்த்தருக்குச் சித்தம் இல்லையாம்.

எனக்கு எரிச்சல் வந்தது இந்த இடத்தில்தான். சாதி பார்ப்பது புதிதா என்ன? ராதாபுரம் பக்கம் வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கத்தோலிக்கக் கோயில் கால்சட்டை மாதிரி இருந்தது. பீடம் ஒன்று, ஆட்கள் நிற்கும் பகுதி இரண்டு. ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார், நடுவில் சுவர். 1910-ல் கௌசானல் என்ற பாதிரியார் அந்தச் சுவரை இடிக்க வைத்தார். வேளாளர் தரப்பு கோர்ட்டுக்குப் போனது. கோயிலுக்குள் தனியிடம் கேட்க சாதிக்கு உரிமை இல்லை என்று 1916-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சுவர் எழுப்பச் சொன்னவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் எதுவும் இல்லை. ஆனால் ஒன்று, அவர்கள் சாதியைச் சாதி என்றே சொன்னார்கள், அதற்காக வக்கீல் வைத்து வெளிப்படையாகச் சண்டை போட்டார்கள். நாம் பழியைக் கர்த்தர் மேல் போடுகிறோம். "ஜெபத்தில் சமாதானம் கிடைக்கவில்லை", "அடையாளம் காட்டவில்லை" என்று எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன். பத்துக் கட்டளையில் தேவனுடைய நாமத்தை வீணில் வழங்கக்கூடாது என்று ஒன்று இருக்கிறதே, அது வேறு எதற்காம்? (இதைப் படித்துவிட்டு, கத்தோலிக்கர் கதையை ஏன் இழுக்கிறாய் என்று நம்மாட்கள் வருவார்கள். நம் கல்லறைத் தோட்டங்களுக்குள் ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்.)

பெரியப்பா கெட்டவர் இல்லை. கீழத்தெருவில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் நடுராத்திரியில் காரை எடுப்பார். அதனால்தான் அவரிடம் இதைப் பேசுவது இவ்வளவு கஷ்டம்.

அன்றைக்குத் தங்கச்சி அசனப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள், "அண்ணே, ஊர் பேரைச் சொன்ன உடனே சித்தம் தெரிஞ்சிட்டு, பாத்தியா?"

நான் சிரித்துவைத்தேன். என் கல்யாணத்துக்கும் தரகர் முதலில் ஊர் பேரைத்தான் சொன்னார். நல்ல ஊர் என்று நானும் தலையாட்டினேன்.