மூச்சு விடும் இடத்தில் வைப்பதல்ல கமா

“ஒரு கமாதானே டீச்சர், இதற்கா இவ்வளவு கோபம்?” என்று கேட்டார் தட்டச்சுக் கடைக்காரர். ஆம், இதற்குத்தான். அந்த ஒரு கமாவால் என் சித்தி நான்கு மாதங்களாகக் களியக்காவிளைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே பஸ்ஸில் அலைந்துகொண்டிருக்கிறார். முழங்கால் வலியோடு, ஒரு பிளாஸ்டிக் உறையில் தாள்களைப் பொத்திப் பிடித்துக்கொண்டு.

சித்தப்பா போன ஆண்டு காலமானார். நெய்யாற்றின்கரை தாலுகாவில் அவர் பெயரில் 14 சென்ட் நிலம் இருக்கிறது. எல்லையோரக் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. உறவும் நிலமும் அந்தக் கோட்டைப் பார்த்துப் பிரியவில்லை. வீடு இங்கே, தென்னை அங்கே. ஆனால் வாரிசுச் சான்று இங்கே தமிழில் கிடைக்கிறது, அங்கே கோப்பு மலையாளத்தில் நடக்கிறது. இரண்டு மேசைகளுக்கும் பொதுவாக மிஞ்சுவது ஆங்கிலம்தான். ஆங்கிலம் பேசாத ஒரு குடும்பத்தின் சொத்தை ஓர் ஆங்கிலத் தாள்தான் எல்லை கடத்திச் செல்கிறது.

சித்தியோடு சேர்த்து வாரிசுகள் நான்கு பேர். மூத்த மகள் பெயர் ஜாய்ஸ் மேரி. எங்கள் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இப்படி இரட்டைப் பெயர் வீட்டுக்கு வீடு உண்டு. மொழிபெயர்ப்பைத் தட்டச்சு செய்தவர் எல்லாப் பெயர்களையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கி, ஜாய்ஸுக்கும் மேரிக்கும் நடுவே ஒரு கமாவை வைத்துவிட்டார். முடிந்தது. தமிழ்த் தாளில் நான்கு வரிசை எண்கள், ஆங்கிலத் தாளில் ஐந்து பெயர்கள். “அம்மச்சி, மேரி எங்கே? அவருடைய சம்மதக் கையெழுத்து எங்கே?” என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்டதில் தவறே இல்லை. ஒரு வாரிசை மறைத்து நிலத்தை மாற்றிக்கொள்ளும் மோசடி எத்தனை நடக்கிறது!

பிறக்காத ஒரு பெண்ணை இல்லை என்று எப்படி நிரூபிப்பது? இறந்திருந்தால் இறப்புச் சான்று கொடுக்கலாம். “மக்களே, நான் யாரையும் மறைக்கவில்லையே” என்று சித்தி என்னிடம் அழுதார். பிள்ளைகளை மறைத்தவள் என்ற பார்வை ஒரு தாய்மேல் விழுந்ததே, அதை எந்தப் பிரமாணப் பத்திரம் துடைக்கும்? இப்போது முத்திரைத்தாளில், நோட்டரி முன்னிலையில், ‘ஜாய்ஸ் என்பவரும் மேரி என்பவரும் ஒருவரே’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

நான் ஆங்கில ஆசிரியை. என் ஆத்திரத்தில் பெரும்பங்கு அந்தத் தட்டச்சுக்காரர்மீது அல்ல. அவருக்கும் எங்களைப் போன்ற யாரோதானே கற்றுக்கொடுத்தோம்? ‘படிக்கும்போது எங்கே மூச்சு விடுகிறாயோ அங்கே கமா போடு’ என்று. வகுப்பு வகுப்பாக, தலைமுறை தலைமுறையாக இந்த ஒரே பொய்யைச் சொல்லிவந்திருக்கிறோம். ஆஸ்துமா உள்ள பிள்ளை சொல்லுக்குச் சொல் கமா போட வேண்டுமா?

இந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். நம் மொழியில் இதன் பெயரே காற்புள்ளி. கால், அரை, முக்கால், முற்று என்று நிறுத்தத்தின் அளவை வைத்துப் பெயரிட்டோம். தமிழுக்கு அது பெரிதாகக் கேடு செய்யவில்லை. ஏனென்றால் தமிழில் இந்த வேலையைப் புள்ளி செய்வதில்லை, சொல்லே செய்துவிடுகிறது. ‘அண்ணனும் தம்பியும்’ என்றால் இரண்டு பேர், அதை உம்மை சொல்லிவிடும். ‘மகனே’ என்று அழைத்தால் விளி வேற்றுமை போதும். ‘வந்து, பார்த்து, போனான்’ என்பதில் கமாவை எடுத்துவிட்டாலும் வினையெச்சம் வாக்கியத்தைக் கட்டி நிறுத்தும். ஓலைச்சுவடியில் நிறுத்தற்குறிகளே இல்லாமல் இவ்வளவு இலக்கியத்தையும் எழுதிய மொழி இது.

ஆங்கிலத்துக்கு அந்த உருபுகள் கிடையாது. அங்கே பொருளின் பாரத்தைக் கமா தாங்குகிறது. கமா என்ற சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல்லின் பொருள் ‘வெட்டப்பட்ட துண்டு’. எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாள இலக்கணத்தில் இதற்கு அங்குசம் என்று பெயர். எவ்வளவு பொருத்தமான பெயர்! யானை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை அந்தச் சின்னக் கொக்கி சொல்லிவிடும். நாம் அதை ஒரு சின்ன ஓய்வு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு உதாரணம் சொல்கிறேன், இதுவும் எங்கள் ஊர் மனுக்களில் வருவதுதான். ‘நெய்யாற்றின்கரையில் வசிக்கும் என் சகோதரர் கையெழுத்திட்டுள்ளார்.’ சகோதரர் ஒருவரா மூவரா என்று தமிழ் வாக்கியம் சொல்லவில்லை. இதை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘வசிக்கும்’ என்ற பகுதியின் இரு பக்கமும் கமா வைத்தால், எனக்கு ஒரே சகோதரர்தான், அவர் வசிக்கும் இடத்தைக் கூடுதல் தகவலாகச் சொல்கிறேன் என்று பொருள். கமா இல்லாவிட்டால், பல சகோதரர்களில் நெய்யாற்றின்கரைக்காரர் மட்டும் கையெழுத்திட்டார், மற்றவர்கள் இடவில்லை என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. இதில் மூச்சுக்கு என்ன வேலை? குடும்பத்தில் எத்தனை பேர் என்பதையே அந்த இரண்டு கொக்கிகள் தீர்மானிக்கின்றன. அதேபோல் ‘என் மனைவி, ஜாய்ஸ் மேரி’ என்று தொடங்கும் பட்டியலில் மனைவியின் பெயரே ஜாய்ஸ் மேரி என்று படித்துவிடலாம். ஒருத்தியை இருவராக்கிய அதே குறி இங்கே இருவரை ஒருத்தியாக்குகிறது. பெயரையும் உறவையும் சேர்த்து எழுதினால், பெயர், கமா, உறவு, பிறகு அரைப்புள்ளி என்று ஆளுக்கு ஆள் பிரிக்க வேண்டும். அல்லது எண் போட்டு வரிக்கு ஒருவராக எழுதித் தொலையுங்கள்! ஒரு தாள் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

எழுவாய்க்குப் பின்னால் கமா போடும் வழக்கத்தைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. ‘அமைச்சர், நேற்று’ என்று நாளிதழ்களில் பார்த்துப் பழகி, ஆங்கிலத்திலும் எழுவாயை வினையிலிருந்து வெட்டி எறிகிறார்கள். தவறு.

‘நீதிமன்றம் போனால் இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்?’ என்பவர்களுக்குச் சொல்கிறேன். நம் உச்ச நீதிமன்றமே பார்த்திருக்கிறது. 1979இல் முகமது ஷபீர் எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கில், மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 27ஆவது பிரிவு ஆராயப்பட்டது. ஆங்கில மூலத்தில் ‘இருப்பு வைத்தல்’ என்ற சொல்லுக்கும் ‘அல்லது விற்பனைக்குக் காட்சிக்கு வைத்தல்’ என்பதற்கும் இடையே கமா இல்லை. அதனால் ‘விற்பனைக்கு’ என்பது இருப்புக்கும் பொருந்தும். விற்கும் நோக்கமில்லாமல் மருந்தை வைத்திருப்பது மட்டும் அந்தப் பிரிவின்படி குற்றமாகாது என்றது நீதிமன்றம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கூடுதல் நேர ஊதியம் யார் யாருக்குக் கிடையாது என்று சொல்லும் சட்டப் பட்டியலில், ‘அனுப்புவதற்காகப் பொதிதல்’ என்பதற்குப் பிறகு, ‘அல்லது விநியோகம்’ என்பதற்கு முன்னால், ஒரு கமா விடுபட்டிருந்தது. விநியோகம் தனி வேலையா, பொதிதலின் நோக்கமா என்று புரியவில்லை. பால் நிறுவன லாரி ஓட்டுநர்கள் வழக்குப் போட்டார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டவரி தெளிவாக இல்லை என்று ஓட்டுநர்கள் பக்கம் நின்றது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. அங்கே ஓட்டுநர்களுக்காக வாதாட வழக்கறிஞர்கள் இருந்தார்கள். என் சித்திக்கு யார் இருக்கிறார்கள்?

அதனால்தான் ‘கமாதானே’ என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அரிசி எடையில் நூறு கிராம் குறைந்தால் கடை வாசலில் சண்டைக்கு நிற்கிறோம். கூலி வாங்கிக்கொண்டு அடுத்தவர் சொத்துப் பத்திரத்தைத் தட்டச்சு செய்பவர், அச்செடுக்கும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டக் கூடாதா? “உங்கள் மகள் பெயர் ஒரு பெயரா, இரண்டா?” என்று எதிரே நிற்கும் அம்மாவிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

பிரமாணப் பத்திரத்தின் ஆங்கிலப் படியை நானே தட்டச்சு செய்தேன். சித்திக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. தாளை வெளிச்சத்தில் பிடித்து, மகள் பெயர் எது என்று கேட்டு, ஜாய்ஸுக்கும் மேரிக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தில் நகத்தை வைத்துப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை என்று உறுதியானபிறகுதான் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார். வருகிற செவ்வாய்க்கிழமை காலை நானும் அவரோடு நெய்யாற்றின்கரை பஸ் ஏறுகிறேன்.