பேஸ்பாலும் பி.டி. மாஸ்டரும்

அண்ணன் மகன் ஒன்பதாவது படிக்கிறான். பள்ளி பேஸ்பால் டீமில் சேர்ந்துவிட்டான் என்று அண்ணி சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. சென்னையில் பேஸ்பாலா? சரி, பார்த்துவிடுவோம் என்று போன ஞாயிற்றுக்கிழமை காலை அவனோடு மைதானத்துக்குப் போனேன். நாலைந்து கிரிக்கெட் ஆட்டங்களுக்கு நடுவில் ஒரு ஓரமாக இவர்கள். ஓடிப்போய்த் தொட வேண்டிய பேஸுக்குப் பதிலாக மணல் நிரப்பிய சிமெண்ட் சாக்கு. ஃபீல்டிங்கில் நிற்கும் ஒன்பது பேருக்கு ஆறு கிளவுஸ். போட்டிருப்பவனும் பாதி நேரம் அதை மறந்து வெறுங்கையை நீட்டுகிறான். ஒருவன் பந்தை அடித்துவிட்டு மட்டையைக் கீழே போடாமல் முதல் பேஸ் வரை தூக்கிக்கொண்டு ஓடி, கிரீஸில் வைப்பதுபோல் சாக்கின் மேல் வைத்தான் பாருங்கள், மாஸ்டரே சிரித்துவிட்டார்.

அப்போதிலிருந்து ஒரே யோசனை. ஒரு ஆட்டத்தை அது தெரியாத நாட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் விளையாட்டு அதிகாரி முதலில் செய்ய வேண்டியது என்ன? நம் ஊர்ப் பழக்கப்படி பார்த்தால் ஒரு தொடக்க விழா, பொன்னாடை, ஜெர்சி, பத்து கிட், போட்டோ. அந்த கிட் அப்புறம் ஸ்போர்ட்ஸ் ரூமில் பூட்டுக்குள் இருக்கும். நான் படித்த பள்ளியில் அப்படி ஒரு பெட்டி இருந்தது, கடைசி வரை யாரும் அதைத் திறக்கவில்லை.

என் கருத்து, டீம் உருவாக்குவதற்கு முன்னால் வாத்தியாரை உருவாக்க வேண்டும். பேஸ்பாலில் இன்று கொடிகட்டிப் பறக்கும் ஜப்பானுக்கு அதைக் கொண்டுபோனவர் ஹோரஸ் வில்சன் என்ற அமெரிக்க வாத்தியார். டோக்கியோவில் பாடம் நடத்தப் போனவர், 1872-ல் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அடுத்து 1878-ல் டோக்கியோவின் ஷிம்பாஷியில் பேஸ்பால் கிளப் ஆரம்பித்தவர் ஹிரவோகா ஹிரோஷி, அமெரிக்காவில் இருந்துவிட்டுத் திரும்பிய ரயில்வே பொறியாளர். விளையாட்டுத் துறைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை! 1896-ல் டோக்கியோ பள்ளிப் பையன்கள் யோகோஹாமாவில் இருந்த அமெரிக்கர்களை 29-4 என்று அடித்தார்கள். வில்சன் சொல்லிக்கொடுத்ததற்கும் இதற்கும் நடுவில் 24 வருடம். நம் அதிகாரி யாராவது 24 வருடத் திட்டம் என்று கோப்பு நீட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜப்பான் வரைக்கும் ஏன் போகவேண்டும், நம் சென்னை நந்தனம் போதாதா? அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி க்ரோ பக் 1920-ல் மெட்ராஸில் தொடங்கியதுதான் இன்று அங்கே இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. அவர் அரசு அதிகாரி இல்லைதான், ஆனால் அவர் பயிற்சி கொடுத்தது உடற்கல்வி ஆசிரியர்களுக்கு. ஒரு ஆசிரியர் ஒரு ஊருக்குப் போனால் வருடா வருடம் புதுப் பையன்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பக் இறந்தது 1943-ல். கல்லூரி இன்னும் ஆசிரியர்களை அனுப்பிக்கொண்டிருக்கிறது.

இதற்கு நேர் எதிர் 2008-ல் இங்கே நடந்த வேகமாகப் பந்து எறியும் போட்டி. ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு ஈட்டி எறியும் பையன்களை பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணி ஒப்பந்தம் செய்தது. பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பேரும் அங்கே உச்ச மட்டமான மேஜர் லீக் வரை போகவில்லை. இரண்டு பேரைப் பொறுக்கி விமானம் ஏற்றுவதும் ஒரு நாட்டுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பதும் ஒன்றல்ல.

இன்னொன்று, இதை யாரும் பேசுவதில்லை. 2011-ல் உகாண்டா சிறுவர்கள் அமெரிக்காவில் நடக்கும் சிறுவர் பேஸ்பால் போட்டியான லிட்டில் லீக் உலகத் தொடருக்குத் தகுதி பெற்றார்கள். ஆனால் வயது, பிறந்த தேதி ஆவணங்களில் குளறுபடி என்று அமெரிக்கா விசா தரவில்லை. அடுத்த வருடம் வேறொரு உகாண்டா அணி போய், அங்கே ஆடிய முதல் ஆப்பிரிக்க அணி ஆனது. அதிகாரிக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. மட்டை வீசச் சொல்லிக்கொடுக்க கோச் போதும். பிறப்புச் சான்றிதழுக்கு அலைய அதிகாரி வேண்டும்.

கிளவுஸ் விலை கட்டுப்படியாகாது என்பார்கள். நியாயம்தான். அதற்குத்தான் பேஸ்பால்5 இருக்கிறதே, அணிக்கு ஐந்து பேர், ஒரு ரப்பர் பந்து, மட்டையும் கிடையாது கிளவுஸும் கிடையாது, கையால் அடித்துவிட்டு ஓட வேண்டியதுதான். வியாசர்பாடி சந்திலேயே ஆடலாம். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட், பேஸ்பால் இரண்டுமே வருகின்றன என்று துள்ளுகிறவர்கள் முதலில் இந்த ரப்பர் பந்தை நாலு பள்ளிக்குக் கொடுக்கட்டும்.

ஆட்டம் முடிந்து திரும்பி வரும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தவன், மாஸ்டருக்கு மாற்றல் வரப்போகிறது போல என்றான். அடுத்து வருகிறவருக்கு பேஸ்பால் தெரியுமா என்று கேட்டேன்.

"அவரு கபடி சாராம் சித்தப்பா" என்றான்.